பக்கத்து வீட்டு அக்காவோடு பழகினால் தப்பா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் பக்கத்து வீட்டு அக்கா இந்துக் குடும்பம். பல வருடப் பழக்கம், என் பிள்ளைகளை அவர்கள்தான் பாதி வளர்த்தார்கள். ஜெபக்குழுவில் ஒரு மூத்த சகோதரி, 'அவிசுவாசிகளோடு பிணைக்கப்படாதே என்று வேதம் சொல்லுகிறது. ஒன்று அவர்களுக்குச் சுவிசேஷம் சொல், இல்லாவிட்டால் விலகிவிடு' என்கிறார். அக்கா தரும் சதுர்த்திக் கொழுக்கட்டையை என்ன செய்வது என்றும் குழப்பமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: விலக வேண்டாம் சகோதரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் பார்ப்போம்.

அவர் சொன்ன வசனம் 2 கொரிந்தியர் 6:14. அங்கே பவுல் பேசுவது நுகத்தைப் பற்றி. ஒரே நுகத்தடியில் கட்டப்பட்ட இரண்டில் ஒன்று போகும் பக்கம் மற்றதும் போயே தீர வேண்டும், அந்த மாதிரிப் பிணைப்பைத்தான் வேண்டாம் என்கிறார். காம்பவுண்டுச் சுவருக்கு மேலே இட்லி மாவுக் கிண்ணம் கைமாறுவதை அதில் சேர்க்க முடியாது. அதே கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தில், உலகத்தாரோடு கலக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை, அப்படியானால் நீங்கள் உலகத்தை விட்டே போக வேண்டியிருக்குமே என்று அவரே விளக்கமும் கொடுத்துவிட்டார் (5:10).

என்னை அதிகம் வருத்துவது 'சுவிசேஷம் சொல், இல்லாவிட்டால் விலகு' என்ற பேச்சுதான். அப்படி ஒரு நிபந்தனையோடு பழகினால் அந்த அக்கா உங்களுக்குச் சிநேகிதி இல்லை, முடிக்க வேண்டிய ஒரு வேலை. மனிதர்களுக்கு இது சீக்கிரம் தெரிந்துவிடும். தன்மேல் அக்கறையா, தன்னை மாற்றுவதில் அக்கறையா என்று யாரும் சொல்லாமலே புரிந்துகொள்வார்கள்.

உங்கள் திருநெல்வேலிச் சீமைக்காரர் ஒருவர் இதைப் பற்றி உலகத்துக்கே பேசியிருக்கிறார். வெள்ளாளன்விளையில் 1874ல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1903ல் இந்திய மிஷனரி சங்கம் தொடங்க முன்நின்றவர், பிறகு 1912ல் தோர்ணக்கல்லில் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரானவர். 1910ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் பேசும்போது அவருக்கு முப்பத்தைந்து வயது. எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் மேல்நாட்டு மிஷனரிகளும் சங்கத் தலைவர்களும். அவர்களுடைய தியாகத்தை அவர் குறைத்துப் பேசவில்லை, நன்றியோடுதான் ஒப்புக்கொண்டார். ஆனால் மேலே நின்றுகொண்டு குனிந்து காட்டும் அன்பு போதாது என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். ஏழைகளுக்கு உணவளிக்க உங்கள் ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். அன்பில்லாவிட்டால் இவையெல்லாம் வீண் என்று சொல்லும் 1 கொரிந்தியர் 13ஐ அந்த மண்டபத்தில் அத்தனை பேர்மேலும் நேராகத் திருப்பிவிட்டார். அன்றைக்கு அது பலருக்குக் கோபமூட்டியது. ஆனால் அந்த மாநாட்டில் பேசிய எத்தனையோ பேரில் இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படுவது அந்த வார்த்தைகள்தான்.

அவர் கேட்டதில் நமக்கும் பங்கு உண்டு. கொடுக்கிறவர்களாக இருப்பது நமக்குப் பழகிவிட்டது: பிடி அரிசி கொடுப்போம், வெள்ளம் வந்தால் துணிமணி கொடுப்போம், ஆஸ்பத்திரியில் கைப்பிரதி கொடுப்போம். எல்லாம் நல்லதுதான், ஆனால் வாங்கிக்கொள்ளவும் தெரிந்தால்தான் நட்பு. இயேசு சமாரியப் பெண்ணிடம் முதலில் பேசிய வார்த்தையே 'தாகத்துக்குத் தா' என்பது. அவளிடம் இருந்த ஒன்று தமக்குத் தேவை என்பதிலிருந்துதான் அந்தப் பேச்சே தொடங்குகிறது. ஊரார் அவரைத் திட்டுவதற்காகவே 'ஆயக்காரருக்கும் பாவிகளுக்கும் சிநேகிதன்' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரை அவர் மறுக்கவில்லை.

கொழுக்கட்டை விஷயம். அவிசுவாசி ஒருவர் விருந்துக்கு அழைத்தால் ஒன்றும் விசாரிக்காமல் முன்னே வைத்ததைச் சாப்பிடுங்கள், இது படைத்தது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால் அப்போது சாப்பிட வேண்டாம் என்று பவுல் எழுதுகிறார் (1 கொரிந்தியர் 10:27, 28). இதில் விசுவாசிகளின் மனச்சாட்சி ஒன்று போல இல்லை, உங்களுடையது எதுவோ அதன்படி செய்யுங்கள். ஆனால் வாங்கி வைத்துக்கொண்டு அவர்களுக்குத் தெரியாமல் குப்பையில் போடாதீர்கள். 'அக்கா, படைக்கிறதுக்கு முன்னாடி எனக்கு நாலு எடுத்து வச்சிருங்க' என்று கேட்டுப் பாருங்கள். இத்தனை வருடம் பழகியவர் இதைத் தாங்கிக்கொள்வார், அடுத்த வருடம் நீங்கள் கேட்காமலே தனியாக எடுத்து வைப்பார். கிறிஸ்துமஸுக்கு நீங்கள் முந்திரிக்கொத்து உருட்டும்போதும் அவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.

சுவிசேஷம் சொல்லவே வேண்டாமா என்றால், சொல்லலாம். உங்களுக்கு ரொம்பப் பிரியமானவரைப் பற்றிச் சிநேகிதியிடம் பேசாமல் எப்படி இருப்பீர்கள்? கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்கிறார் பேதுரு (1 பேதுரு 3:15). அக்கா கேட்காவிட்டாலும், ஒப்புக்கொள்ளாவிட்டாலும் நாளைக்கும் அதே கிண்ணம் சுவர் தாண்டிப் போக வேண்டும்.

கேள்வி: சபையில் எனக்கு நூறு நண்பர்கள் இருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். அப்பா ஐ.சி.யு.வில் இருந்தபோது வாட்ஸ்அப்பில் 'ஜெபிக்கிறோம் பிரதர்' என்று நிறைய வந்தது, நேரில் வந்தது ஒரே ஒருவர். அதற்குப் பிறகு ஆராதனைக்குப் போகவே கசப்பாக இருக்கிறது.
– ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: கசப்பு நியாயமானதுதான் தம்பி, உடனே மன்னித்துவிடு என்று சொல்லி அதை மூட மாட்டேன். பவுலுக்கும் இதே நிலை வந்தது. சிறையிலிருந்து எழுதுகிறார்: ஆசியாவில் உள்ளவர்கள் எல்லாரும் என்னை விட்டு விலகினார்கள், தேமா போய்விட்டான், லூக்கா மாத்திரம் இருக்கிறான். ஒநேசிப்போரு என்று ஒருவர், வேதத்தில் அதிகம் பேசப்படாத ஆள், ரோமாவுக்கு வந்து பவுல் எந்தச் சிறையில் இருக்கிறார் என்று ஜாக்கிரதையாய்த் தேடிக் கண்டுபிடித்தார், அவருடைய விலங்கைக் குறித்து வெட்கப்படவில்லை. இரண்டாம் தீமோத்தேயு முதல் அதிகாரத்தை வாசியுங்கள், அந்த ஒரு மனிதரைப் பற்றி எழுதும்போது பவுலின் மனம் எப்படிக் கரைகிறது என்று தெரியும். உங்கள் ஒநேசிப்போரு யார் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அவரைச் சாப்பிட வீட்டுக்குக் கூப்பிட்டீர்களா?

இன்னொன்றும் உண்டு. பவுல் தமக்கு வேண்டியதை வாய்விட்டுக் கேட்டார். துரோவா பட்டணத்தில் கார்ப்பு என்பவரிடத்தில் விட்டுவந்த மேலங்கியை எடுத்து வா, புத்தகங்களை, விசேஷமாய்த் தோற்சுருள்களைக் கொண்டு வா, மாரிகாலத்துக்கு முன்னே வந்துவிடு. எப்பேர்ப்பட்ட அப்போஸ்தலன், குளிருகிறது என்று சொல்லக் கூச்சப்படவில்லை. நம் ஆட்களில் பாதிப் பேர் அன்பில்லாமல் வராமல் இருக்கவில்லை, என்ன செய்வதென்று தெரியாமல் இருந்துவிடுகிறார்கள். அடுத்த முறை குழுவில் பொதுவாகப் போடாமல், ஒரு ஆளைப் பெயர் சொல்லி அழைத்து 'இன்னைக்கு ராத்திரி ஒன்பது மணியிலிருந்து நீங்க கொஞ்சம் உட்காருங்க, நான் வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வர்றேன்' என்று கேளுங்கள்.

'ஜெபிக்கிறோம்' என்று தட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறவர்களுக்கும் சொல்லுகிறேன்: ஜெபியுங்கள், அதோடு ஒரு பிளாஸ்க் காபியையும் எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே வசனம் சொல்லத் தோன்றவில்லையென்றால் சொல்லவே வேண்டாம். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரைக்கும் நன்றாகத்தான் இருந்தார்கள், வாயைத் திறந்த பிறகுதான் வினையே வந்தது.

கேள்வி: கடவுளை நண்பர் என்று சொல்வது மரியாதைக் குறைவு இல்லையா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: அந்தப் பெயரை நாமாக எடுத்துக்கொள்ளவில்லை, அவர் கொடுத்தது. 'இனி நான் உங்களை ஊழியக்காரரென்று சொல்லுகிறதில்லை' என்று சொல்லிச் சிநேகிதர் என்று அழைத்தார் (யோவான் 15:15). அதே மூச்சில், நான் கற்பிக்கிறதைச் செய்தால் என் சிநேகிதராயிருப்பீர்கள் என்றும் சொல்லியிருக்கிறார், ஆகவே மரியாதை அங்கேயே இருக்கிறது.

கேள்வி: காலேஜ் ஹாஸ்டலில் என் உயிர் நண்பன் வேறு ஜாதி. அவனும் கிறிஸ்தவன்தான். லீவுக்கு ஊருக்கு அழைத்துவர ஆசை. ஆச்சி, 'வரட்டும், ஆனா திண்ணையோட சாப்பாடு போட்டு அனுப்பிரு' என்கிறார். ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிற ஆச்சி. நான் என்ன செய்ய?
– ஒரு மாணவர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: இதை எழுத உங்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று தெரிகிறது தம்பி. இது ஆச்சி ஒருவரோடு தொடங்கியதல்ல, நம் சபைகளின் பழைய பாவம். கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833ல் தென்னாட்டுச் சபைகளுக்கு எழுதிய கடிதத்தில் ஜாதி வேறுபாட்டைத் தீர்மானமாக, உடனடியாக, முற்றிலுமாக விட்டுவிட வேண்டும் என்றார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் அதைக் கேட்டுப் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். ஒரே பாத்திரத்தில் நற்கருணை எடுக்க வேண்டும் என்பதை அவர்களால் தாங்க முடியவில்லை.

அந்தியோகியாவில் பேதுருவும் இதைத்தான் செய்தார். யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். பவுல் அதைச் சாப்பாட்டு விவகாரம் என்று விடவில்லை. சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு ஏற்றபடி நடக்கவில்லை என்று எல்லாருக்கும் முன்பாகவே கண்டித்தார் (கலாத்தியர் 2). யாரோடு சாப்பிடுகிறோம் என்பது அவ்வளவு பெரிய விஷயம். தான் கண்ட சகோதரனிடத்தில் அன்புகூராதவன் தான் காணாத தேவனிடத்தில் எப்படி அன்புகூருவான் என்ற வசனம் ஆச்சிக்கும் மனப்பாடமாகத் தெரிந்திருக்கும்.

நண்பனை அழைத்து வருவதற்கு முன்னாலேயே, அவன் இல்லாத நேரத்தில், ஆச்சியிடம் தனியாகப் பேசுங்கள். சத்தம் போட வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். 'ஆச்சி, அவன் சாப்பிடுற இடத்துலதான் நானும் சாப்பிடுவேன்' என்று சொல்லிப் பாருங்கள். அம்மா, அப்பா உங்கள் பக்கம் என்றால் அவர்களையும் கூட வைத்துக்கொள்ளுங்கள், போதகர் துணிவுள்ளவரென்றால் அவரிடமும் சொல்லுங்கள். ஆச்சி மனம் இறங்கினால் சந்தோஷம். இறங்காவிட்டால், 'பார்த்துக்கலாம் வா' என்று அவனை அழைத்துவந்து திண்ணையில் உட்காரவைத்துவிடாதீர்கள், அந்த அவமானத்தை அவன் வாழ்நாளெல்லாம் சுமப்பான். நடந்ததை அவனிடம் மறைக்காமல் சொல்லிவிட்டு, இந்த லீவுக்கு நீங்கள் அவன் ஊருக்குப் போங்கள். அவன் அம்மா வைக்கிற குழம்பைச் சாப்பிட்டு, இரவு அங்கேயே தங்கி, வீட்டுக்கு வந்து ஆச்சியிடம் எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லுங்கள்.