பவுல் ஆட்டத்துக்கு யார் போவார்கள், யார் போகமாட்டார்கள்: கேள்வி பதில்

2025 டிசம்பர் 7, ஞாயிறு மதியம், அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃபுக்குத் தேர்வுக்குழு எடுத்த 12 டீம்களின் பட்டியல் வந்தது. அன்றைக்கே மற்ற பவுல் ஆட்டங்களுக்கான ஜோடிகளும் ஏறக்குறைய முடிவாகிவிட்டன. எந்த டீம் எந்தப் பவுலுக்குப் போகும் என்று கணிப்பதில் எனக்கு நெடுநாள் பழக்கம் உண்டு. அதனால் ஞாயிறு இரவிலிருந்தே கேள்விகள் வந்துகொண்டிருக்கின்றன. தெரிந்ததைச் சொல்கிறேன். ஆரம்பிக்கும் முன் ஒன்று: பட்டியல் வருவதற்கு முன்னால் பணம் திரும்பக் கிடைக்காத விமான டிக்கெட் எடுக்காதீர்கள்.

கேள்வி (அரிசோனாவுக்குப் படிக்க வந்திருக்கும் தங்கை): அண்ணா, பவுல் ஆட்டம் என்றால் என்ன? எத்தனை ஜெயித்தால் போதும்?

சீசன் முடிந்த பிறகு, டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி ஆரம்பம் வரை நடக்கும் சிறப்பு ஆட்டங்கள்தான் பவுல். கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் நடக்கும் ரோஸ் பவுல்தான் இதில் மூத்தது, முதல் ஆட்டம் 1902இல். 2025 சீசனில் முதல் பிரிவில் 136 டீம்கள் இருந்தன. பிளேஆஃபையும் சேர்த்து 82 இடங்கள். ஒரு டீமுக்கு வழக்கமாக 12 ஆட்டம், அதில் 6 ஜெயித்தால் தகுதி வந்துவிடும். ஆனால் கீழ்ப்பிரிவு டீம்களை ஜெயித்தால் ஒரு வெற்றிதான் கணக்கில் சேரும். அப்படி இரண்டு வெற்றி வைத்திருக்கும் டீமுக்கு 7 வேண்டும். கணிக்க உட்காரும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கேள்வி (ராலேயிலிருந்து, புள்ளியியல் படிப்பவர்): அக்டோபர் கடைசியிலேயே நீங்கள் எப்படிக் கணிக்கிறீர்கள்? ஒரு உதாரணம் கொடுங்கள்.

நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு டீம் 8 ஆட்டத்தில் 4 ஜெயித்திருக்கிறது என்று வையுங்கள். மீதி 4 ஆட்டத்தில் இரண்டு ஜெயிக்க வேண்டும். வெற்றி வாய்ப்பு 80, 50, 30, 20 சதவீதம். பெரும்பாலானவர்கள் என்ன செய்கிறார்கள்? 80ஐயும் 50ஐயும் ஜெயித்தால் ஆயிற்று என்று இரண்டையும் பெருக்கி, 40 சதவீதம்தான், கஷ்டம் என்று டீமைக் கழற்றி விடுகிறார்கள். அது தப்பு. எந்த இரண்டை ஜெயித்தாலும் சரிதானே? நான்கையும் தோற்கும் வாய்ப்பு 5.6 சதவீதம். ஒன்றே ஒன்று ஜெயிக்கும் வாய்ப்பு 31.8. இரண்டையும் 100இலிருந்து கழியுங்கள், 62.6 வருகிறது. நீங்கள் கழற்றி விட்ட டீம் பவுலுக்குப் போகத்தான் வாய்ப்பு அதிகம்.

இதையே 136 டீமுக்கும் செய்து வாய்ப்புகளைக் கூட்டினால், மொத்தம் எத்தனை டீம் தகுதி பெறும் என்ற மதிப்பீடு கிடைக்கும். அது 82க்கு மேலா கீழா என்பதுதான் முக்கியம். மேலே என்றால் 6-6 (6 வெற்றி, 6 தோல்வி) டீம்களில் சில வீட்டில் உட்காரும். கீழே என்றால் கதவு திறந்து வேறு ஆட்கள் உள்ளே வருவார்கள். நவம்பர் கடைசி வாரத்தில் 5-6 டீம்கள் இரண்டு மோதினால் அந்த ஆட்டத்தைக் குறித்து வையுங்கள். யார் ஜெயித்தாலும் ஒரு தகுதி நிச்சயம்.

இவ்வளவும் பாதி வேலைதான். தகுதி பெற்றவர்களை எடுப்பது மனிதர்கள். டீம்களைப் படிப்பதை விட, எடுப்பவர்களைப் படிக்க வேண்டும். என் கணிப்பு முறையே இதுதான்.

கேள்வி (ஹூஸ்டன்): ரைஸ் பல்கலைக்கழக டீம் 5-7. பாதிக்கு மேல் தோற்ற டீமை எப்படி எடுத்தார்கள்?

இடம் மிஞ்சியதால். 6 வெற்றி பெற்றவர்கள் போதவில்லை என்றால், கீழ்ப்பிரிவிலிருந்து ஏறி வந்து இன்னும் காத்திருப்புக் காலம் முடியாத டீம்களுக்கு முதலில் வாய்ப்பு. இந்த வருடம் டெலவேரும் மிசௌரி ஸ்டேட்டும் அப்படித்தான் வந்தன. அதற்கும் பிறகு, 5-7 டீம்களை ஏபிஆர் வரிசையில் கூப்பிடுவார்கள். ஏபிஆர் என்பது ஆட்டக்காரர்கள் படிப்பைத் தொடர்கிறார்களா, தேர்ச்சி பெறுகிறார்களா என்று பார்க்கும் மதிப்பெண். ரைஸ் மாதிரி படிப்பில் கெட்டியான பல்கலைக்கழகத்துக்கு இது கை கொடுக்கிறது. 2022இலும் அவர்கள் 5-7இல்தான் போனார்கள்.

இந்த டீம்களை மட்டமாக நினைக்காதீர்கள். 2015 சீசனில் நெப்ராஸ்கா, மின்னசோட்டா, சான் ஹோசே ஸ்டேட் என்று மூன்று 5-7 டீம்கள் போயின. மூன்றுமே ஜெயித்தன.

இந்த வருடம் கணிப்பவர்களைத் திணறடித்தது வேறொன்று. கூப்பிட்டும் பல 5-7 டீம்கள் வரமாட்டோம் என்றன. வரிசை கீழே இறங்கி இறங்கி, ரைஸோடு மிசிசிப்பி ஸ்டேட்டும் அப்பலாச்சியன் ஸ்டேட்டும் உள்ளே வந்தன. இனிமேல் ஏபிஆர் பட்டியல் மட்டும் போதாது. எந்த டீமில் கோச் மாறுகிறார், யார் ஆட மனமில்லாமல் இருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

கேள்வி (நாஷ்வில்): வாண்டர்பில்ட் 10-2, டெக்சஸ் 9-3. ஆனால் பெரிய சிட்ரஸ் பவுல் டெக்சஸுக்கு, எங்களுக்கு டாம்பாவில் நடக்கும் பவுல். இது என்ன நியாயம்?

ஆட்டக்கணக்கு வரிசைப்படி எடுக்க வேண்டும் என்று எந்த ஒப்பந்தத்திலும் இல்லை. பிளேஆஃபுக்குப் போனவர்கள் போக, எஸ்இசி என்ற கான்ஃபரன்ஸின் (டீம்கள் பிரிந்து ஆடும் கூட்டமைப்பு) டீம்களில் ஆர்லாண்டோவின் சிட்ரஸ் பவுலுக்கு முதல் உரிமை. அதற்கடுத்த பவுல்களுக்கு கான்ஃபரன்ஸ் அலுவலகமே பள்ளிகளோடும் பவுல்காரர்களோடும் பேசிப் பிரித்துக் கொடுக்கிறது. பவுல்காரர் பார்ப்பது: எத்தனை ரசிகர்கள் வருவார்கள், ஹோட்டல் நிரம்புமா, டிவியில் எத்தனை பேர் பார்ப்பார்கள். டெக்சஸின் மைதானம் 1,00,000 பேர் கொள்ளும். உங்களுடையது அதில் பாதி கூட இல்லை. எதிரில் மிச்சிகன். டெக்சஸும் மிச்சிகனும் மோதுகின்றன என்றால் டிவிக்கு வேறென்ன வேண்டும்? தவிர, நவம்பர் 1 அன்று டெக்சஸ் உங்களை 34-31 என்று ஜெயித்தும் இருக்கிறது.

கணிப்பவர்களுக்கு இன்னும் மூன்று விஷயங்கள். சீசனில் ஏற்கனவே மோதியவர்களை மறுபடி மோத விடத் தயங்குவார்கள். போன வருடம் வந்த டீமையே இந்த வருடமும் எடுக்கத் தயங்குவார்கள். பல பவுல்களுக்கு ஈஎஸ்பிஎன் என்ற விளையாட்டு டிவி நிறுவனமே சொந்தக்காரர் என்பதால் கடைசி நேரத்தில் டீம்களை இங்கும் அங்கும் மாற்றுவது சுலபம். அப்புறம், பாக்-12 கான்ஃபரன்ஸ் கலைந்து பத்து பள்ளிகள் போய்விட்டாலும், 2025 சீசனிலும் பவுல் விஷயத்தில் பழைய ஒப்பந்தம் நடப்பில் இருந்தது. இன்று பிக் டென் கான்ஃபரன்ஸில் ஆடும் யூஎஸ்சி, சான் அன்டோனியோவின் அலமோ பவுலுக்குப் பழைய பாக்-12 இடத்தில்தான் போனது. இது தெரியாமல் பிக் டென் வரிசையில் யூஎஸ்சிக்கு இடம் தேடியவர்களுக்குக் கீழே உள்ளதெல்லாம் தப்பாகிப் போனது.

கேள்வி (எடிசன்): இந்த வாரம் யார் மீது பணம் கட்டலாம்?

பந்தயக் கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை.

கேள்வி (சிகாகோ): நோட்ரே டேம் தொடர்ந்து 10 வெற்றி. வாரா வாரம் மயாமிக்கு மேலே வைத்துவிட்டு, இரண்டு பேரும் ஆடாத கடைசி வாரத்தில் கீழே தள்ளினார்கள். இது அநியாயம் இல்லையா அண்ணா?

இதே கேள்வி வேறு வேறு ஊரிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. அதனால் ஒரே பதிலாகச் சொல்கிறேன். இரண்டும் 10-2. ஆகஸ்ட் 31 அன்று மயாமி 27-24 என்று நோட்ரே டேமை ஜெயித்தது. நவம்பர் முதல் வாரப் பட்டியலில் நோட்ரே டேம் 10, மயாமி 18. கடைசிக்கு முந்தைய பட்டியலில் நோட்ரே டேம் 10, பிஒய்யூ (பிரிகாம் யங் பல்கலைக்கழகம்) 11, மயாமி 12. பிஒய்யூ பிக் 12 கான்ஃபரன்ஸின் இறுதி ஆட்டத்தில் டெக்சஸ் டெக்கிடம் 34-7 என்று தோற்று 12க்கு இறங்கியது. நடுவில் இருந்த ஆள் போனதும் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்தன. அப்போதுதான் நேருக்கு நேர் ஆட்ட முடிவு பேசியது என்று குழுத் தலைவர் விளக்கினார். மயாமி 10, நோட்ரே டேம் 11.

முடிவு சரி. ஆடி ஜெயித்தவன் மேலே இருக்க வேண்டும். வழிதான் மோசம். ஆகஸ்டில் நடந்தது நவம்பரிலும் எல்லோருக்கும் தெரியும். அதை டிசம்பர் வரை எடுத்துப் பார்க்காமல் வைத்திருந்தது ஆட்டக்காரப் பையன்களுக்குச் செய்த கொடுமை. செவ்வாய்க்கிழமை தோறும் டிவிக்காகப் பட்டியல் போடுவதை நிறுத்திவிட்டு, கடைசி ஞாயிறு அன்று ஒரே பட்டியல் போடட்டும். நான் இதை விடப்போவதில்லை.

(மயாமி): நாங்கள் ஜெயித்தது உண்மை. ஆனால் லூயிவில்லிடமும் எஸ்எம்யூவிடமும் தோற்றோமே, அதையும் சொல்லுங்கள் சார்.

நேர்மையான ஆள் நீங்கள். நோட்ரே டேமின் இன்னொரு தோல்வி டெக்சஸ் ஏ அண்ட் எம்மிடம், 41-40. உங்கள் இரண்டு தோல்விகளை விட அது கௌரவமான தோல்வி. குழு இத்தனை வாரம் அதைத்தான் பார்த்தது.

(சிகாகோ, மறுபடி): அலபாமா ஜார்ஜியாவிடம் 28-7 என்று தோற்றும் 9இலேயே நின்றது. பிஒய்யூ தோற்றால் இறக்கம், அலபாமா தோற்றால் இல்லையா?

இதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. இரண்டுமே கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டம், இரண்டுமே படுதோல்வி. ஒருவருக்குத் தண்டனை, ஒருவருக்கு மன்னிப்பு. உங்கள் கோபம் மயாமி மீது போகவேண்டியதில்லை, இங்கேதான் போகவேண்டும். கணிப்பவருக்கும் இதில் பாடம் இருக்கிறது. இறுதி ஆட்டத்துக்குப் போன எஸ்இசி டீமைத் தோல்விக்காக வெளியே தள்ள இந்தக் குழு விரும்பாது என்று ஒரு வாரம் முன்பே நான் எழுதிக் கொடுத்தேன்.

(டாலஹாஸி): நீங்கள் எல்லாம் 2023ஐ மறந்துவிட்டீர்கள். 13-0 என்று கான்ஃபரன்ஸ் ஜெயித்த ஃப்ளோரிடா ஸ்டேட்டை வெளியே நிறுத்தினார்களே.

மறக்கவில்லை. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் காயம் பட்டதைக் காரணம் காட்டினார்கள். முக்கிய ஆட்டக்காரர் இல்லாததைக் கணக்கில் எடுக்கலாம் என்று குழுவின் விதியிலேயே எழுதியிருக்கிறது. இருந்தாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. 2014இல் ஒஹையோ ஸ்டேட் மூன்றாவது குவார்ட்டர்பேக் கார்டேல் ஜோன்ஸை வைத்து விஸ்கான்சினை 59-0 என்று ஜெயித்து உள்ளே வந்தது, கோப்பையும் வாங்கியது. அந்த வாரம் டிசியூ 55-3 என்று ஜெயித்தும் 3இலிருந்து 6க்கு இறங்கியது. காயம் பட்ட டீம் என்ன செய்யும் என்று அறையில் உட்கார்ந்து தீர்மானிக்க முடியாது.

(சிகாகோ, மூன்றாம் முறை): இருந்தாலும் நோட்ரே டேம்...

தம்பி, போதும். பவுலே வேண்டாம் என்று அவர்களே விலகிவிட்டார்கள்.

கேள்வி (ஷார்லட்): ஏசிசி கான்ஃபரன்ஸ் சாம்பியன் டியூக். ஏன் பிளேஆஃபில் இல்லை?

2025 சீசனில், ரேங்கில் மேலே இருந்த ஐந்து கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்குத்தான் நேரடி இடம். எந்தக் கான்ஃபரன்ஸ் என்று அப்போதைய விதியில் இல்லை. டியூக் 8-5. டூலேனும் ஜேம்ஸ் மேடிசனும் ரேங்கில் மேலே இருந்தன, உள்ளே வந்தன. மற்ற ஏழு இடம் பொது. டியூக்குக்கு டெக்சஸின் எல் பாசோவில் நடக்கும் சன் பவுல் கிடைத்தது.

கேள்வி (டெ மாய்ன்): அயோவா ஸ்டேட் 8-4. பவுல் வேண்டாம் என்றது ஏன்?

கோச் மேட் கேம்ப்பெல் பென் ஸ்டேட்டுக்குப் போய்விட்டார். ஆடும் அளவுக்கு ஆள் இல்லை என்று டீம் முடிவெடுத்தது. கான்சஸ் ஸ்டேட்டும் விலகியது. பிக் 12 இருவருக்கும் தலா 5,00,000 டாலர் அபராதம் போட்டது. பவுலுக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்த ரசிகரை நினைத்தால்தான் வருத்தம். முதலிலேயே சொன்னேன், பட்டியல் வரும் முன் டிக்கெட் வேண்டாம்.

கேள்வி (டெம்பி): எங்கள் டீம் 8-4, சிறிய பவுல் கொடுத்தார்கள். ஏன்?

நாஷ்வில்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (கொலம்பஸ்): எங்கள் டீம் 7-5...

அதே பதில்தான்.

கேள்வி (சான் ஹோசே): மாணவர் டிக்கெட் எங்கே வாங்குவது?

உங்கள் பல்கலைக்கழகத்தின் டிக்கெட் அலுவலகத்தைக் கேளுங்கள்.

கேள்வி (சியாட்டில்): குழுவே வேண்டாம், கம்ப்யூட்டரிடம் விட்டுவிடலாமே?

1998 முதல் 2013 வரை பிசிஎஸ் என்ற முறை இருந்தது. இரண்டு வாக்கெடுப்போடு கம்ப்யூட்டர் ரேங்குகளையும் சேர்த்து இரண்டு டீம்களை இறுதிக்கு அனுப்பினார்கள். 2011 சீசனில் அது எல்எஸ்யூவையும் அலபாமாவையும் அனுப்பியது. நவம்பரில் எல்எஸ்யூ அலபாமாவை 9-6 என்று ஜெயித்திருந்தது. பிக் 12 சாம்பியனான ஒக்லஹோமா ஸ்டேட் 11-1 வைத்திருந்தும் வெளியே நின்றது. இறுதியில் அலபாமா 21-0. ஒரே கான்ஃபரன்ஸின் இரண்டு டீம் மறுபடி மோதியதைப் பார்த்து நாடே கொதித்தது. பிளேஆஃப் பிறந்ததற்கு அந்தக் கொதிப்பும் ஒரு காரணம். ஒக்லஹோமா ஸ்டேட்டைப் பொறுத்தவரை, கம்ப்யூட்டர்கள் அவர்களை மேலே வைத்திருந்தன. இறக்கியது வாக்களித்த மனிதர்கள்தான். அதனால் உங்கள் யோசனையை நான் தள்ளிவிட மாட்டேன். தேர்வுக்குழு ஒரு பக்கம் இருக்கட்டும். கம்ப்யூட்டர் ரேங்குக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கொடுத்து, எந்தக் கணக்கு என்பதை ஆகஸ்டிலேயே வெளியிட வேண்டும் என்பது என் கட்சி.