ஐந்து மணி நேரத் தூக்கம் பழகிவிட்டது. உடம்புக்கு ஏதாவது ஆகுமா?

கேள்வி: வேலை முடித்துப் படுக்க இரவு 1 மணி ஆகிவிடுகிறது. காலை 6 மணிக்கு எழுந்துவிடுவேன். மூன்று வருடமாக இப்படித்தான். பழகிவிட்டது, பகலில் பெரிய களைப்பும் இல்லை. நிஜமாகவே இதனால் உடம்பு கெடுமா, இல்லை சும்மா பயமுறுத்துகிறார்களா?

பதில்:

கெடும். ஆனால் அது முதலில் களைப்பாகத் தெரிவதில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், இடுப்புச் சுற்றளவு, அடிக்கடி வரும் சளி என்று வேறு வேறு கணக்கில் வருவதால், தூக்கத்தை யாரும் சந்தேகிப்பதே இல்லை.

"பழகிவிட்டது" என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஆரோக்கியமான சிலரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து, ஒரு பிரிவுக்கு 4 மணி நேரம், இன்னொன்றுக்கு 6, மற்றொன்றுக்கு 8 என்று 14 இரவுகள் தூங்கவிட்டார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு செய்தது, 2003இல் வெளியானது. ஒரு சோதனை மிக எளிது: திரையில் எண் ஓடத் தொடங்கியதும் பொத்தானை அழுத்த வேண்டும். 6 மணி நேரம் தூங்கியவர்கள் நாளுக்கு நாள் சரிந்துகொண்டே போய், இரண்டு வார முடிவில் இரவு முழுக்கக் கண் விழித்தவர்கள் அளவுக்குக் கோட்டைவிட்டார்கள். ஆனால் "எவ்வளவு தூக்கம் வருகிறது?" என்று அவர்களையே கேட்டால், முதல் சில நாட்களுக்குப் பிறகு பதில் பெரிதாக மாறவில்லை. ஆகவே பகலில் ஒன்றும் தெரியவில்லை என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

குறைந்த தூக்கமே போதுமான பிறவிகள் உண்டு. டெக்2 என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றம் ஒரு காரணம் என்று 2009இல் கண்டுபிடித்தார்கள். மிக அரிது. நீங்கள் அந்த ரகமா என்று பார்க்க ஒரு வழி: ஒரு வாரம் விடுமுறையில் அலாரம் வைக்காமல், இரவு 10.30க்குப் படுத்துப் பாருங்கள். முதல் இரண்டு நாளைக் கணக்கில் எடுக்க வேண்டாம், அது பழைய பாக்கி. அதற்குப் பிறகும் 5 மணி நேரத்தில் தானாக விழித்து, பகலில் காபி இல்லாமலும் சுறுசுறுப்பாக இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. பெரும்பாலானவர்கள் 7 முதல் 8 மணி நேரம் தூங்குவார்கள்.

இனி சர்க்கரை. நம் ஊரில் முதலில் கவலைப்பட வேண்டியது இதுதான். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 11 இளைஞர்களை 6 இரவுகள் 4 மணி நேரம் மட்டும் தூங்க வைத்துப் பார்த்தார்கள், 1999இல் வெளியான ஆய்வு. யாருக்கும் சர்க்கரை நோய் கிடையாது. ஆனாலும் நரம்பில் செலுத்திய குளுக்கோஸ் ரத்தத்திலிருந்து வெளியேறிய வேகம், நன்றாகத் தூங்கிய பிறகு இருந்ததைவிட சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது. சர்க்கரையை ஏற்றும் ஹார்மோனான கார்டிசால், சாயங்காலம் இறங்கியிருக்க வேண்டியது, இறங்காமல் நின்றது. அதே பல்கலைக்கழகத்தில் 2012இல் இன்னும் நெருங்கிப் போனார்கள். 4 இரவுகள் 4.5 மணி நேரம் தூங்கியவர்களின் தொப்புள் அருகிலிருந்து துளி கொழுப்பை எடுத்து, அந்தச் செல்கள் மேல் இன்சுலினை விட்டுப் பார்த்தபோது, அவை இன்சுலினுக்குக் காட்டிய எதிர்வினை 30 சதவீதம் குறைந்திருந்தது. மூளை சோர்ந்திருப்பது வேறு விஷயம். வயிற்றுக் கொழுப்பின் செல் வரை தூக்கக் குறைவு போய்ச் சேர்கிறது.

நடைமுறையில் இதற்கு என்ன பொருள்? மாத்திரை சரியாகப் போடுகிறார், சோற்றைக் குறைத்துவிட்டார், நடக்கிறார், ஆனால் காலை வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது. இப்படிப்பட்டவரிடம் மாத்திரையைக் கூட்டுவதற்கு முன்னால் "எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், குறட்டை உண்டா?" என்ற இரண்டு கேள்வி கேட்பது நல்லது. மருத்துவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

பசி அடுத்தது. 2 இரவுகள் 4 மணி நேரம் மட்டும் படுத்த 12 இளைஞர்களை, அதே பேர் 10 மணி நேரம் படுத்த இரவுகளோடு ஒப்பிட்டார்கள். போதும் என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைவு, பசியைக் கிளப்பும் கிரெலின் 28 சதவீதம் அதிகம். ஆசைப்பட்டதெல்லாம் இனிப்பு, உப்பு, மாவுப் பண்டம். இரவு 11.30க்கு கீரைப் பொரியலுக்காக யாரும் ஏங்குவதில்லை என்பதற்கு ஆய்வகம் தேவையில்லைதான். மறுபக்கத்தையும் சோதித்திருக்கிறார்கள்: அதிக எடை கொண்ட 80 பேரில் ஒரு பாதிப் பேரைத் தினமும் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் கூடுதலாகத் தூங்கவைத்தபோது, சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமலேயே, மற்றவர்களோடு ஒப்பிட நாளுக்கு ஏறக்குறைய 270 கலோரி குறைந்தது. 2022இல் வந்த முடிவு. 270 கலோரி என்பது கிட்டத்தட்ட ஒரு பரோட்டா, சால்னாவைச் சேர்க்காமல்.

டயட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. 2010இல் 10 பேருக்கு ஒரே அளவு கலோரி குறைத்த உணவைக் கொடுத்து, இரண்டு வாரம் 8.5 மணி நேரமும் இரண்டு வாரம் 5.5 மணி நேரமும் படுக்கவைத்தார்கள். எடை இரண்டிலும் சுமார் 3 கிலோதான் குறைந்தது. ஆனால் நன்றாகத் தூங்கிய காலத்தில் அதில் 1.4 கிலோ கொழுப்பு, தூக்கம் குறைந்த காலத்தில் 0.6 கிலோதான். மீதி பெரும்பாலும் தசை. எடை மெஷின் இந்த வித்தியாசத்தைக் காட்டாது. காலை 4.30க்கு எழுந்து ஜிம்முக்குப் போவதற்காக 5 மணி நேரம் தூங்குபவர்கள் இதை இரண்டு முறை படிக்கலாம்.

ரத்த அழுத்தம். தூங்கும்போது அது பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும். இதயத்துக்கும் ரத்தக் குழாய்களுக்கும் கிடைக்கும் ஓய்வு அதுதான். 7 மணி நேரம் கிடைக்க வேண்டிய இறக்கம் உங்களுக்கு 5 மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. மீதி நேரம் முழுவதும் விழிப்பு நிலை அழுத்தம். குறட்டையும் மூச்சுத் திணறலும் சேர்ந்தால் அந்த இறக்கமே இல்லாமல் போகலாம். கிளினிக்கில் பகல் 11 மணிக்குப் பார்த்து "நார்மல்" என்று சொல்வது இதைக் கண்டுபிடிக்காது. வீட்டில் பார்ப்பதானால்: எழுந்து, சிறுநீர் கழித்து, காபிக்கும் மாத்திரைக்கும் முன்னால், முதுகு சாய்த்து 5 நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. ஒரு வாரம் எழுதிவைத்து சராசரி போடுங்கள். 135க்கு 85ஐத் தாண்டினால் மருத்துவரிடம் காட்டுங்கள். தேவைப்பட்டால் 24 மணி நேரமும் கையில் பட்டை கட்டி அளக்கும் சோதனைக்கு எழுதித் தருவார். அமெரிக்க இதய சங்கம் இதய நலத்துக்கான தன் பட்டியலில் புகை, கொழுப்பு, சர்க்கரை ஆகியவற்றோடு தூக்கத்தையும் 2022இல் எட்டாவதாகச் சேர்த்தது.

சளி பற்றிச் சுருக்கமாக. 164 பேர் மணிக்கட்டில் கருவி கட்டி ஒரு வாரம் தூக்கத்தை அளந்து, பிறகு மூக்கில் ஜலதோஷ வைரஸ் சொட்டு விட்டார்கள். 5 முதல் 6 மணி நேரம் தூங்கியவர்களுக்கும் அதற்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்கும் ஜலதோஷம் பிடிக்கும் வாய்ப்பு, 7 மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட நான்கு மடங்குக்கும் மேல். தடுப்பூசி போடும் வாரத்தில் தூக்கம் கெட்டால் எதிர்ப்பொருள் உருவாவதும் மந்தமாகிறது. வலி கூடுதலாக உறைப்பது, ஒற்றைத் தலைவலி கிளம்புவது, ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவது எல்லாம் உண்டு.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன ஆய்வுகளில் பல சில நாட்கள், சில வாரங்கள், சிலரை வைத்துச் செய்தவை. பல வருடக் கணக்கில் மாரடைப்பு, பக்கவாதத்தோடு தூக்கக் குறைவைச் சேர்த்துப் பார்க்கும் பெரிய ஆய்வுகளில், நோய் இருப்பதால் தூக்கம் குறைந்தவர்களும் கலந்திருப்பார்கள். ஆகவே "5 மணி நேரம் தூங்கினால் 50 வயதில் மாரடைப்பு" என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம். ஆனால் உடம்புக்குள் நடக்கும் மாற்றங்கள் எல்லாம் ஒரே திசையில் போகின்றன, அதை ஒதுக்கிவிடவும் முடியாது.

இனி என்ன செய்வது. உங்கள் பிரச்சினை தூக்கம் வராமல் இருப்பதல்ல, தூக்கத்துக்கு நேரம் கொடுக்காமல் இருப்பது. நல்ல வேளை, இது எளிதான வகை. எழும் நேரத்தை 6 மணியிலேயே கட்டிவையுங்கள், ஞாயிறும் சேர்த்து. மிஞ்சினால் ஒரு மணி நேரம் தள்ளலாம். படுக்கும் நேரத்தை மட்டும் 4 நாளைக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால் கொண்டுவாருங்கள். 1 மணியிலிருந்து 10.45க்கு வர ஒன்பது படி, ஏறக்குறைய ஐந்து வாரம். ஒரே நாளில் 10.45க்குப் படுத்தால் புரண்டுகொண்டு கிடப்பீர்கள், "எனக்குத் தூக்கமே வராது" என்று முடிவும் கட்டிவிடுவீர்கள். பெரும்பாலோர் இங்கேதான் கைவிடுகிறார்கள்.

எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் 20, 30 நிமிடம் வெளி வெளிச்சத்தில் இருங்கள், மொட்டை மாடி போதும். உடம்புக் கடிகாரத்தை முன்னால் தள்ளுவது அந்தக் காலை வெளிச்சம்தான். காபி குடித்து 5, 6 மணி நேரம் ஆன பிறகும் கஃபீனில் பாதி ரத்தத்தில் இருக்கும். அதனால் கடைசிக் காபியும் டீயும் பிற்பகல் 3 மணிக்குள். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் 2 மணி நேரமாவது இடைவெளி. படுப்பதற்கு ஒன்று, ஒன்றரை மணி நேரம் முன்னால் வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடக் குளியல் நல்ல பலன் தரும். தோலுக்கு ரத்தம் வந்து உள்வெப்பம் வெளியேறும், தூக்கம் பிடிக்க அந்த இறக்கம் வேண்டும். சித்திரை வெயிலில் மேல்தளத்தில் வெந்நீர் எதற்கு என்றால், குளிரக் குளிர வேண்டாம், சாதாரண நீரே போதும்.

வார நாளில் குறைத்துவிட்டு சனி, ஞாயிறில் ஈடுகட்டலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். கொலராடோ பல்கலைக்கழகம் 2019இல் சோதித்தது. வார இறுதியில் இஷ்டம்போல் தூங்கியவர்கள் மறுபடி 5 மணி நேரத்துக்குத் திரும்பியதும், இன்சுலின் வேலை செய்வது குறைந்தேதான் இருந்தது. மதியத் தூக்கம் வேண்டுமானால் 3 மணிக்கு முன், அலாரம் வைத்து 20 நிமிடம்.

நேரம் கொடுத்தும் தேறவில்லை என்றால் வேறு காரணம் தேட வேண்டும். உரத்த குறட்டை, இடையில் மூச்சு நின்று திணறி எழுவது, காலையில் தலைவலி, கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேல் — இவற்றில் இரண்டு மூன்று இருந்தால் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்; வீட்டிலேயே ஓர் இரவு கருவி மாட்டிச் செய்யும் வகையும் இருக்கிறது. படுத்ததும் கால் குடைச்சல், அசைத்தால்தான் நிம்மதி என்றால் ரத்தத்தில் ஃபெரிட்டின் (உடம்பில் சேமித்த இரும்புச்சத்தின் அளவு) பாருங்கள், இரும்புச்சத்துக் குறைவு இதைச் செய்யும். இரவில் மூன்று முறை சிறுநீருக்கு எழுபவர் அழுத்தத்துக்கு நீர் பிரிக்கும் மாத்திரை போடுகிறாரா, அதைச் சாயங்காலம் போடுகிறாரா என்று பாருங்கள். காலைக்கு மாற்றலாமா என்று மருத்துவரைக் கேட்டால் போதும். சீட்டு இல்லாமல் மெடிக்கலில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம். மூச்சுத் தடை உள்ளவருக்கு அது ஆபத்து, சில வாரத்தில் அது இல்லாமல் தூங்கவும் முடியாது. மது சீக்கிரம் தூங்கவைக்கும், பின்னிரவில் எழுப்பிவிடும்.

இரவு ஷிப்டில் இருப்பவர்கள் இந்தப் பதிலில் பாதியை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அவர்களுக்கு ஒன்றே ஒன்று: நள்ளிரவுக்கும் காலை 6 மணிக்கும் இடையே முழுச் சாப்பாடு வேண்டாம். செயற்கையாக இரவு வேலை செய்யவைத்த ஓர் ஆய்வில், பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை ஏறவில்லை, இரவிலும் சாப்பிட்டவர்களுக்கு ஏறியது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பாட்டு நேரத்தை மாற்ற வேண்டாம்.

இந்த ஐந்து வாரம் முடியும்வரை ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருப்பவருக்கு நிகர். இந்தியாவில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் உச்சம் 0.03. காலை 6 மணிக்கு எழுந்த நீங்கள் இரவு 11 மணிக்கு பைக்கை எடுத்தால் அந்த 17 மணி நேரம் முடிந்திருக்கும். கண் சொருகினால் முகம் கழுவுவதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் சில நிமிடம்தான் தாங்கும். ஓரமாக நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு உடனே 20 நிமிடம் கண்ணை மூடுங்கள். கஃபீன் வேலை செய்யத் தொடங்கவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும்.