பனிக்கடலில் பாய்மரக் கப்பல்கள்: கேள்வி பதில்

கேள்வி: துருவப் பயணத்துக்கென்றே தனியாகக் கப்பல் கட்டினார்களா, இல்லை சாதாரணப் போர்க்கப்பல்தானா?

பெரும்பாலும் பழைய கப்பலையே எடுத்துப் பலப்படுத்தினார்கள். பிரிட்டிஷ் கடற்படைக்குப் பிடித்தது ‘பாம்ப்’ கப்பல். கரையிலுள்ள கோட்டைகள் மேல் குண்டு வீசும் கனமான மோர்ட்டார் பீரங்கிகளைச் சுமக்கக் கட்டப்பட்டது அது. சுடும்போது வரும் உதைப்பைத் தாங்க வேண்டும் என்பதால் உத்தரங்களும் விலாக்கட்டைகளும் நெருக்கமாகவும் தடியாகவும் இருக்கும். 1813-இல் கட்டிய டெரர் (325 டன்), 1826-இல் கட்டிய எரெபஸ் (372 டன்) இரண்டும் இந்த வகைதான். அதன் மேல் இன்னொரு அடுக்கு பலகை அடித்து, அணியத்தின், அதாவது கப்பலின் முன்முனையின், உட்புறத்தை மரத்தாலேயே இட்டு நிரப்பினார்கள்.

இவ்வளவு செய்தும் ஒரு பலவீனம் மிஞ்சியது, அதுதான் சுக்கான். அது கப்பலுக்கு வெளியே தொங்குவது. பின்னாலிருந்து பனித்தட்டு மோதினால் முதலில் போவது அதுதான். 1842 ஜனவரியில் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜேம்ஸ் கிளார்க் ராஸ் இந்த இரண்டு கப்பல்களோடு அண்டார்க்டிக் பனிக்கூட்டத்துக்குள் புயலில் மாட்டியபோது எரெபஸின் சுக்கான் உடைந்தது, டெரரின் சுக்கான் பிய்ந்தே போனது. துருவக் கப்பலில் தச்சர்களும் உதிரி மரங்களும் ஏன் அவ்வளவு முக்கியம் என்பது இங்கேதான் புரியும்.

கேள்வி: ஐயா, எஞ்சின் இல்லாமல் உறைந்த கடலுக்குள் எப்படி நகர முடியும்? பாய் விரித்தால் போதுமா?

போதாது. காற்று சாதகமாக இல்லாவிட்டால், பனித்தட்டில் ஒரு குழி வெட்டி அதில் கொக்கி போன்ற பனி நங்கூரத்தை மாட்டி, வடத்தைக் கப்பலிலுள்ள உருளையில் சுற்றி, ஆட்கள் தள்ளித் தள்ளிக் கப்பலை முன்னே இழுப்பார்கள். பிறகு நங்கூரத்தைக் கழற்றி அடுத்த தட்டில் மாட்டுவார்கள். ஒரு நாள் முழுக்க இழுத்துச் சில நூறு கஜம் போவதும் உண்டு.

வழியே இல்லையென்றால் ரம்பம். இதற்கு 1819 செப்டம்பரில் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி எட்வர்ட் பேரி செய்ததை விடத் தெளிவான உதாரணம் இல்லை. ஹெக்லா, கிரைப்பர் என்ற இரண்டு கப்பல்களையும் கனடாவின் ஆர்க்டிக் பகுதியிலுள்ள மெல்வில் தீவின் வளைகுடா ஒன்றுக்குள் குளிர்காலத்துக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். இடையில் சராசரி 7 அங்குலப் பனி. முதலில் கப்பலின் அகலத்தை விடச் சற்றுக் கூடுதலாக இரண்டு இணைகோடுகள் போட்டார்கள். முக்காலிபோல் கட்டைகளை நட்டு, கப்பியில் நீண்ட ரம்பத்தைத் தொங்கவிட்டார்கள். கயிற்றை இழுத்தால் ரம்பம் மேலே வரும், விட்டால் தன் எடையிலேயே இறங்கி அறுக்கும். பிறகு குறுக்கே அறுத்து, பெரிய துண்டுகளை மூலைவாட்டாகவும் பிளந்தார்கள். நேராக மட்டும் அறுத்தால் துண்டு இரண்டு பக்கமும் இறுகிச் சிக்கிக்கொள்ளும், மூலைவாட்டில் பிளந்தால் நழுவி வந்துவிடும்.

மாலுமிகள் அந்தப் பனித்துண்டுகள் மேலேயே படகுப் பாயைக் கட்டி, காற்றின் போக்கில் வெளியே ஓட்டிவிட்டார்கள்! கால்வாய் நீளநீள அதற்கும் இடமில்லாமல் போயிற்று. அப்போது சிலர் துண்டின் ஒரு முனையில் ஏறி நின்று அமிழ்த்த, மற்றவர்கள் கயிறு கட்டி இழுத்து, அதைப் பக்கத்துப் பனிக்கு அடியில் செருகினார்கள். மைனஸ் 10 டிகிரிக் குளிரில், முழங்கால் அளவு தண்ணீரில் நின்று செய்த வேலை இது. மூன்றே நாளில் 4,082 கஜம் கால்வாய்.

கேள்வி: காம்பஸ் அங்கே வேலை செய்யாது என்கிறார்களே?

முள்ளைத் திருப்புவது காந்தப்புலத்தின் கிடைமட்ட விசை. காந்த துருவத்தை நெருங்க நெருங்க விசை பூமிக்குள் செங்குத்தாக இறங்கிவிடும், முள்ளைத் திருப்ப ஒன்றும் மிஞ்சாது. 1831 ஜூன் 1 அன்று கனடாவின் வடக்கிலுள்ள பூத்தியா தீபகற்பத்தில் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் அளந்தபோது காந்த முள் கீழ்நோக்கிச் சாய்ந்த அளவு 89 டிகிரி 59 நிமிடம், கிட்டத்தட்ட நேர் கீழே. கப்பலிலுள்ள இரும்பு மிச்சமிருக்கும் விசையையும் கெடுத்துவிடும்.

சூரியன் தெரிந்தால் அதை வைத்துத் திசை பிடிக்கலாம். மூடுபனியில்? பேரி, கிரைப்பரை ஹெக்லாவுக்கு நேர் பின்னே வரச் சொன்னார். ஹெக்லாவில் ஒருவர் பின்பக்கம் பார்த்தபடி நின்று, கிரைப்பர் நேர்கோட்டிலிருந்து விலகினால் சுக்கானைத் திருத்தச் சொல்வார். காம்பஸுக்குப் பதில் ஒரு கப்பல்!

கேள்வி: குடிதண்ணீர் எங்கிருந்து? கடல்பனி உப்பாக இருக்காதா?

புதுப் பனி உப்புத்தான். பனிப்பாறை நிலத்துப் பனிமழையில் உருவானது, அதனால் நன்னீர். அதிலிருந்து உடைந்து மிதக்கும் துண்டுகளை எடுத்து, மேலே ஒட்டிய கடல்நீர் வடியவிட்டு உருக்கினால் போதும். 1773 ஜனவரியில் தென்கடலில் பயணம் செய்த கேப்டன் ஜேம்ஸ் குக்கின் ஆட்கள் இப்படி ஏறக்குறைய 15 டன் தண்ணீர் சேர்த்தார்கள்.

கேள்வி: கப்பலுக்குள் பத்து மாதம் எப்படிக் குளிரைத் தாங்கினார்கள்?

குளிரை விடத் தொல்லை ஈரம். மேல்தளத்தின் மேல் கூடாரம் போட்டு, கப்பலின் பக்கங்களில் பனியை அணைத்துவிட்டால் உள்ளே ஓரளவு சூடு நிற்கும். ஆனால் மூச்சுக்காற்றும் சமையல் ஆவியும் உத்தரங்களிலும் படுக்கைகளிலும் உறைந்து, அடுப்பு எரியும்போது சொட்டும். 1821-இல் மறுபடி புறப்பட்டபோது பேரி பக்கச் சுவர்களுக்குத் தக்கை பதித்தார், பலகைப் படுக்கைகளை எடுத்துவிட்டுத் தொங்குபடுக்கை கொடுத்தார். மனிதர்கள் சோர்ந்துவிடாமலிருக்க நாடகம், கையெழுத்துப் பத்திரிகை, இசைப்பெட்டியின் தாளத்துக்குத் தளத்தைச் சுற்றி ஓட்டம் என்று நாளைப் பிரித்துக் கொடுத்ததும் அவர்தான்.

கேள்வி: வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்விக்கு எலுமிச்சைச் சாறு கொடுத்தும் ஏன் நோய் வந்தது?

மூன்று காரணம். சாறு உறைந்து புட்டிகள் வெடித்தன. சிலர் குடிப்பதாகச் சொல்லிக் குடிப்பதில்லை, அதனால் பேரி அதிகாரியின் கண்ணெதிரே குடிக்க வைத்தார். பின்னாளில் 1860-களில் கடற்படை எலுமிச்சையை (லெமன்) விட்டு மேற்கிந்தியத் தீவுகளின் லைம் என்ற வேறு எலுமிச்சை இனத்துக்கு மாறியது. அதில் வைட்டமின் சி மிகக் குறைவு. 1875–76-இல் ஜார்ஜ் நேர்ஸ் தலைமையில் போன பிரிட்டிஷ் ஆர்க்டிக் பயணத்தில் ஸ்கர்வி ஆட்களை வீழ்த்தியது.

பேரி தன் அறையின் அடுப்புக் குழாய் மேல் சின்னப் பெட்டிகளில் மண் போட்டு, கடுகும் கிரெஸ் என்ற கீரையும் விதைத்தார். வெளிச்சமில்லாததால் முளைகள் வெளுத்தே இருந்தன. ஆனாலும் அதைத் தின்ற ஸ்கர்வி நோயாளி இரண்டு வாரத்துக்குள் எழுந்து நடமாடினார்.

கேள்வி: எரெபஸ், டெரர் கப்பல்களில் ஆர்க்டிக் போன ஃபிராங்க்ளின் குழு, உணவு அடைத்த தகர டப்பாவின் ஈயத்தால் செத்ததா?

அது மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது. எலும்புகளில் ஈயம் உண்டு, ஆனால் அந்தக் காலத்தில் அது எல்லோர் உடம்பிலும் இருந்தது. கையிலிருக்கும் ஆவணம் சொல்வது இது: 1846 செப்டம்பரில் கிங் வில்லியம் தீவுக்கு வடமேற்கே கப்பல்கள் சிக்கின, 1847 ஜூன் 11 அன்று ஃபிராங்க்ளின் இறந்தார், 1848 ஏப்ரல் 22 அன்று கப்பல்களைக் கைவிட்டு 105 பேர் கரையேறினார்கள். 1847 கோடையிலும் பனி விடவில்லை. இதை நான் முதல் காரணமாக வைப்பேன்.

பட்டினியில் அவர்கள் ஒருவரையொருவர் உண்டதாக ஆர்க்டிக்கின் பூர்வகுடிகளான இனுயிட் மக்கள் 1854-இல் ஜான் ரே என்ற ஆய்வுப் பயணியிடம் சொன்னார்கள். லண்டன் கோபத்தோடு மறுத்தது. எலும்புகளில் இருக்கும் வெட்டுத் தடங்கள் அவர்கள் சொன்னதையே சொல்கின்றன. எரெபஸ் 2014-இலும் டெரர் 2016-இலும் கிடைத்தன. எரெபஸ் இருந்த இடம் இனுயிட் வாய்மொழி காட்டிய பக்கத்தில். டெரரைத் தேடியவர்களை அது கிடைத்த விரிகுடாவுக்குத் திருப்பியதும் ஓர் இனுயிட் சொன்ன தகவல்தான்: அதற்கு ஆறேழு வருடத்துக்கு முன் பனிக்கு மேலே ஒரு பாய்மரக் கட்டை நீட்டிக்கொண்டிருந்ததை அவர் பார்த்திருந்தார்.