கஃபேக்கு ஒரு கோடு: பிரெய்லில் பிறமொழிச் சொற்கள், கேள்வி பதில்

மதுரையில் உட்கார்ந்து பாடப் புத்தகங்களை பிரெய்லுக்கு மாற்றிக் கொடுக்கிறேன். பரீட்சை நெருங்கினால் எழுத்தின் தலையில் கோடும் புள்ளியும் போட்ட சொற்களைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். ஆங்கில எழுத்துகளை ஏ, ஈ, சி என்று ஒலிப்படி எழுதியிருக்கிறேன். தமிழ் ஏ, ஈ என்று குழம்பிவிடாதீர்கள். செல் என்பது ஆறு புள்ளிகளுக்கான ஒரு கட்டம்: இடப்பக்கம் மேலிருந்து கீழே 1, 2, 3, வலப்பக்கம் 4, 5, 6. கீழே வரும் எண்கள் எல்லாம் அந்தப் புள்ளிகள்தான்.

அக்கா, ஆங்கிலப் பாடத்தில் ‘கஃபே’ வருகிறது. கடைசி ஈ மேல் சாய்ந்த கோடு. பிரெஞ்சு பிரெய்லில் அதற்கு ஆறு புள்ளியும் சேர்ந்த ஒரே செல் உண்டாமே, அதையே போட்டுவிடலாமா? (ஆசிரியை, மேலூர்)

போட்டால் பிள்ளை ‘சி, ஏ, எஃப், ஃபார்’ என்று வாசித்துவிட்டு உங்களைப் பார்க்கும். ஆங்கிலத்தில் ஆறு புள்ளியும் சேர்ந்தால் ‘ஃபார்’ என்ற சொல்.

இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1829-ல் தன் முறையை வெளியிட்ட லூயி பிரெய்ல் பிரெஞ்சுக்காரர். அவர் மொழிக்குக் கோடு போட்ட எழுத்துகள் தேவை. அதனால் பிரெஞ்சு வரிசையில் இசட் முடிந்ததும் வால் வைத்த சி, வலப்பக்கம் ஏறும் கோடு போட்ட ஈ, இடப்பக்கம் ஏறும் கோடு போட்ட ஏ, ஈ, யூ என்று ஐந்து செல்கள் வருகின்றன. டபிள்யூ அந்த மொழிக்குத் தேவைப்படாததால் அது கடைசியில் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலத்துக்கு அந்த ஐந்தும் வேண்டியிருக்கவில்லை. காலியாக இருந்த வீட்டில் குடியேறுவதுபோல அதே வரிசையில் ‘ஆண்ட், ஃபார், ஆஃப், த, வித்’ ஐந்தும் வந்து உட்கார்ந்துவிட்டன.

இப்போது புழங்கும் ஆங்கில முறையான ஒருங்கிணைந்த ஆங்கில பிரெய்லில் கோட்டுக்கென்று தனிக் குறி உண்டு. அதை எழுத்துக்கு முன்னால் போட வேண்டும். வலப்பக்கம் ஏறும் கோட்டுக்கு முதல் செல்லில் 4-5, அடுத்ததில் 3-4, அப்புறம் ஈ. இடப்பக்கம் ஏறும் கோடு என்றால் 4-5, 1-6. கூரை போன்றதற்கு 4-5, 1-4-6. மேலே இரட்டைப் புள்ளிக்கு 4-5, 2-5. சி-யின் வாலுக்கு 4-5, 1-2-3-4-6. ஸ்பானிஷ் என் மேல் வரும் அலைக்கு 4-5, 1-2-4-5-6. பெரிய எழுத்தாக இருந்தால் 6-ஆம் புள்ளி எல்லாவற்றுக்கும் முன்னால் போகும்.

இன்னொன்று, கோடு போட்ட எழுத்தைச் சுருக்கத்துக்குள் (பல எழுத்துகளை ஒரே செல்லில் அடக்குவது) சேர்க்கக் கூடாது. புதுச்சேரியின் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் ஈ-யும் ஆரும் பக்கத்தில் வரும். அந்த ஈ மேல் கோடு இருப்பதால் ‘ஈஆர்’ சுருக்கம் அங்கே செல்லாது.

முன்பெல்லாம் வெறும் 4-ஆம் புள்ளி மட்டும்தானே போட்டோம், அம்மா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், திருமங்கலம்)

ஆமாம் ஐயா. பழைய ஆங்கில முறையில் அந்த ஒற்றைப் புள்ளி ‘ஏதோ ஒரு குறி இருக்கிறது’ என்று மட்டும் சொல்லும். எந்தக் குறி என்று சொல்லாது. பழைய நூல்களில் பார்த்தால் பிழை என்று நினைத்துத் தேய்த்துவிடாதீர்கள்.

நம் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. தமிழ் பிரெய்லில் அதே 4-ஆம் புள்ளிதான் மெய்யெழுத்தின் புள்ளி, அதுவும் எழுத்துக்கு முன்னால்தான் வரும். அச்சில் தலைமேல் இருப்பது பிரெய்லில் முன்னால் வரும் என்பது அவர்கள் விரலுக்கு முதல் வகுப்பிலேயே பழகிவிட்டது. ‘கோடு முன்னாடி வரும்’ என்றால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். தடுமாறுவது கண்ணால் படித்துப் பழகிய நாம்தான்.

அக்கா, ஜெர்மன் படிக்கச் சேர்ந்திருக்கிறேன். அங்கேயும் இந்த இரண்டு செல் குறிதானா? (மாணவன், உசிலம்பட்டி)

வேண்டாம் தம்பி. ஆங்கிலப் பத்திக்கு நடுவே ஒன்றிரண்டு சொல் வந்தால் ஆங்கிலக் குறி. மொழியையே படிப்பதானால் அந்த மொழியின் பிரெய்ல். தேர்வில் எழுத்துக்கூட்டல் பார்ப்பார்கள், ஒவ்வொரு எழுத்துக்கும் மூன்று செல் தடவிக்கொண்டிருக்க முடியாது.

உனக்கு ஜெர்மன் லேசாக வரும். இரட்டைப் புள்ளி வைத்த ஏ என்பது 3-4-5, அது நம் ஆ. ஓ என்பது 2-4-6, நம் ஔ. யூ என்பது 1-2-5-6, நம் ஊ. மூன்றும் உன் விரல் ஏற்கெனவே அறிந்த உயிரெழுத்துகள். ஒலி வேறு, வடிவம் அதே. ஸ்பானிஷ் படித்தால் அலை போட்ட என் உனக்கு ற-வாகத் தட்டுப்படும், பார்த்துக்கொள்.

ஆய்வேட்டில் தமிழ்ப் பெயர்களை ரோமன் எழுத்தில், நெடிலுக்கு மேல் கிடைக்கோடு போட்டு எழுதியிருக்கிறேன். அதை பிரெய்லில் எப்படிப் போடுவது? (ஆய்வு மாணவி, மதுரை)

கிடைக்கோட்டுக்கு 4, அடுத்து 3-6, அப்புறம் எழுத்து. முன்பக்கத்தில் பிரெய்லுக்கு மாற்றியவரின் குறிப்பாக ஒரு வரி எழுதி வைத்துவிடுங்கள். இல்லையென்றால் தமிழ் வாசகர் அந்த 4-ஐ மெய்ப்புள்ளி என்று எடுத்துக்கொள்ளக்கூடும். பழைய பிரெஞ்சு மிஷனரி நூல்களை மேற்கோள் காட்டினால், அவர்கள் மதுரையை ‘மதுரே’ என்று கடைசி ஈ மேல் கோடு போட்டு எழுதியிருப்பார்கள். அதையும் விடாதீர்கள், அது அவர்கள் எழுத்துக்கூட்டல்.

பி.டி.எஃப்-இலிருந்து நகலெடுத்து மென்பொருளில் போட்டால் கோடெல்லாம் எழுத்துக்குப் பின்னால் தனியாக வருகிறது. ஏன்? (தன்னார்வலர், சோழவந்தான்)

கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் கோடு போட்ட ஈ-யை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒரே எழுத்தாக இருக்கலாம், அல்லது வெறும் ஈ, அதன் பின்னால் ஒட்டும் கோடு என்று இரண்டாக இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், அதுதான் தொல்லை. பிரெய்லுக்கு மாற்றும் முன் எழுத்தையும் கோட்டையும் ஒன்றாகச் சேர்த்து வைக்கும் ‘என்.எஃப்.சி’ வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள், இரண்டும் ஒன்றாகிவிடும்.

அப்படியும் ஒருமுறை விரலால் சரிபாருங்கள். வேலை விண்ணப்பம் பற்றிய ஒரு பாடத்தில் என் கணினி கோடுகளை எல்லாம் விழுங்கிவிட்டது. ‘ரெஸ்யூமே’ (தன்விவரக் குறிப்பு) இருந்த இடமெல்லாம் ‘ரெஸ்யூம்’ (தொடர்வது) ஆகிவிட்டது. ஒரு கல்லூரிப் பையன் போன் போட்டு, ‘அக்கா, வேலைக்கு எதை அனுப்பச் சொல்றாங்க, எதைத் தொடரச் சொல்றாங்க?’ என்று கேட்டான். அந்தப் பாடம் முழுவதையும் திரும்ப அச்சிட்டுக் கொடுத்தேன்.