கரையான் புற்றும் ஹராரே கட்டடமும்

அன்புள்ள ஐயா,

மதுரையில் கட்டடக்கலை நான்காம் ஆண்டு படிக்கிறேன். உங்கள் கட்டுரை ஒன்றில் ஜிம்பாப்வேயின் ஈஸ்ட்கேட் சென்டரைப் போகிறபோக்கில் குறிப்பிட்டிருந்தீர்கள். 'கரையான் புற்றைப் பார்த்துக் கட்டியது, ஏசி இல்லாமலே குளுகுளுவென்று இருக்கும்' என்றுதான் வகுப்பிலும் படித்தோம். ஆனால் புற்று அப்படி வேலை செய்வதே இல்லை என்று நண்பன் அடித்துச் சொல்கிறான். அப்படியானால் அந்தக் கட்டடம் வெறும் கதையா? என் இறுதியாண்டு வேலைக்கு அதே முறையில் சென்னையில் ஓர் அலுவலகம் வரையலாம் என்றிருக்கிறேன்.

க., மதுரை

அன்புள்ள க.,

உங்கள் நண்பர் சொல்வது சரி. ஆனால் கட்டடம் கதையல்ல, நன்றாகவே வேலை செய்கிறது.

புற்றுக்குள் சூடான காற்று மேலே ஏறி, ஓரமாக ஆறி, கீழே இறங்கிச் சுற்றுகிறது, அதனால்தான் கூடு ஒரே வெப்பத்தில் இருக்கிறது என்று சுவிஸ் ஆய்வாளர் மார்ட்டின் லூஷர் 1961இல் எழுதினார். 1996இல் ஹராரேயில் ஈஸ்ட்கேட்டைக் கட்டிய கட்டடக்கலைஞர் மிக் பியர்ஸ் காலத்தில் அதுதான் பாடம். பிறகு உயிரியலாளர் ஸ்காட் டர்னர் நமீபியாவில் புற்றுகளை அளந்து பார்த்தார். கூட்டின் வெப்பம் சுற்றியுள்ள மண்ணின் வெப்பத்தோடு ஆண்டு முழுக்க ஏறி இறங்குகிறது. மேலே எழும்பி நிற்கும் மண்மேடு குளிர்விப்பதற்கு அல்ல, மூச்சு விடுவதற்கு.

சரி, கட்டடம் எப்படி ஆறுகிறது? இரவில் பெரிய மின்விசிறிகள் (ஆமாம், மின்சாரம் உண்டு, சிலர் அதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்) குளிர்ந்த காற்றைத் தளங்களுக்கு அடியிலுள்ள வெற்றிடங்கள் வழியே வேகமாகச் செலுத்துகின்றன. பகல் முழுக்கச் சூட்டை வாங்கிவைத்த கான்கிரீட் அதை விட்டுவிடுகிறது. மறுநாள் அதே பாதையில் மெதுவாக வரும் காற்று, ஆறிய கான்கிரீட்டைத் தொட்டுக்கொண்டு அறைக்குள் நுழைகிறது. சூடான காற்று கூரைமட்டத்தில் வெளியேறி, செங்கல் புகைபோக்கிகள் வழியே மேலே போய்விடும். வெளிச்சுவரில் கண்ணாடி கால்வாசிதான், அதற்கும் மேலே நிழல்தரும் நீட்டல்கள். ஹராரே கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெயில் காலத்திலும் இரவு நன்றாகக் குளிரும். கட்டடத்தைக் காப்பாற்றுவது அந்த இரவுதான். பியர்ஸுக்குப் புற்று ஒரு யோசனை தந்தது, அது பிழையான யோசனையாக இருந்தும் கெட்டுப்போகவில்லை. ஏனென்றால் கணக்கைப் புற்றிடம் கேட்கவில்லை, பொறியாளர்களிடம் கேட்டார்.

நம் பக்கத்துப் புற்றையும் ஆராய்ந்திருக்கிறார்கள். பெங்களூரில் ஹண்டர் கிங், சாமுவேல் ஓகோ, மகாதேவன் மூவரும் செய்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. நம் ஊர்ப் புற்றின் வெளிப்புறத்தில் மடிப்பு மடிப்பாக இறங்கும் முண்டுகளைப் பார்த்திருப்பீர்கள். பகலில் அவை நடுப்பகுதிக்கு முன்னே சூடாகிவிடும், உள்ளே காற்று ஓரத்தில் ஏறி நடுவில் இறங்கும். இரவில் திசை அப்படியே மாறும். கரையான்களும் அவை வளர்க்கும் பூஞ்சையும் (மழைக்குப் பின் முளைக்கும் புற்றுக்காளான் அதன் பிள்ளைதான்) விடும் கரியமிலவாயு பகலில் உள்ளே சேர்ந்து, இரவில் வெளியேறுகிறது. விசிறியும் இல்லை, பெரிய வாசலும் இல்லை. சுவர் மண்ணின் நுண்துளைகளே போதுமாயிருக்கிறது. எனக்கு இது பழைய பாடத்தைவிடச் சுவாரசியமாகப் படுகிறது. இதை ஒழுங்காகக் கட்டடத்துக்குக் கொண்டுவந்தவர்களை நான் இன்னும் பார்க்கவில்லை. கூம்பு மாதிரி ஒரு கோபுரத்தை வரைந்துவிட்டுப் புற்று என்று பெயர் வைப்பவர்கள்தான் நிறைய.

அதற்கு ஆக்னியெஷ்கா குரான்ட் என்ற கலைஞர் செய்தது மேல். வண்ண மணலும் தங்கமும் பளபளப்புத் துகள்களும் கொடுத்துக் கரையான்களையே புற்றுக் கட்டவிட்டார். வடிவத்தைத் திருடவில்லை, வேலையையே அவற்றிடம் விட்டுவிட்டார். காட்சிக்கூடத்தில் பெயர்ப்பலகை மட்டும் அவருடையது. கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்த கதைதான் என்று யாராவது சொன்னால் அவரே மறுக்கமாட்டார் என்று நினைக்கிறேன், அவர் படைப்பு எழுப்பும் கேள்வியே அதுதானே.

உங்கள் அலுவலகத்துக்கு வருவோம். சென்னையில் வேண்டாம். மே மாத இரவில் வெப்பம் 28 டிகிரியை ஒட்டியே நிற்கும், கூடவே கடலோரப் புழுக்கம். கான்கிரீட் எப்போது ஆறும்? ஓசூர்ப் பக்கம் மனை எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே இரவு கொஞ்சம் இறங்கும். வரைவதற்கு முன் அந்த ஊரின் மாதவாரி இரவு வெப்பத்தை எடுத்து மேசையில் வையுங்கள். புற்றின் படத்தை அப்புறம் ஒட்டிக்கொள்ளலாம்.