பட்டியலைக் கீழே வையுங்கள்: ஆங்கிலச் சொல்வளம் பற்றிக் கேள்வி பதில்

தாம்பரம் மாணவர்: அக்கா, வெளிநாட்டில் மேற்படிப்புக்காக ஜிஆர்இ தேர்வு எழுதப்போகிறேன். மூவாயிரம் சொல் கொண்ட பட்டியல் கையில் இருக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை படிக்கலாம்?

பதில்: பட்டியலை மனப்பாடம் பண்ணாதீர்கள் தம்பி. எதிர்ச்சொல் கேள்விகளை 2011-லேயே எடுத்துவிட்டார்கள். இப்போது வாக்கியத்துக்குள் பொருந்தும் சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'இக்ரீஜியஸ்' என்பதற்கு 'மிக மோசமான' என்று படித்துவிட்டு, என் மாணவி ஒருத்தி 'இக்ரீஜியஸ் வெயில்' என்று எழுதினாள். அந்தச் சொல் வெயிலோடு சேராது. தவறு, விதிமீறல், பொய் இவற்றோடுதான் சேரும். லத்தீனில் 'கிரெக்ஸ்' என்றால் மந்தை. மந்தையிலிருந்து தனித்துத் தெரிவதே இக்ரீஜியஸ். ஒரு காலத்தில் அது பாராட்டுச் சொல்! கூட்டத்தோடு பழகப் பிடிக்கும் 'கிரிகேரியஸ்', ஒன்றுகூடும் 'காங்கிரிகேட்', பிரித்து வைக்கும் 'செக்ரிகேட்' எல்லாம் அதே மந்தையிலிருந்து வந்தவைதான்.

வேளச்சேரி வாசகி: தினம் இருபது சொல் போதுமா?

பதில்: எண்ணாதீர்கள். மேலே சொன்னதுதான்.

அம்பத்தூர் நண்பர்: 'டிஸ்இன்ட்ரஸ்டட்' என்றால் ஆர்வமில்லாதவர்தானே?

பதில்: அப்படியும் எழுதுகிறார்கள். ஆனால் 'சொந்த ஆதாயம் பார்க்காத' என்ற பொருளைக் காப்பாற்றி வையுங்கள். நீதிபதி டிஸ்இன்ட்ரஸ்டடாக இருக்க வேண்டும். ஆர்வமே இல்லாமல் அன்இன்ட்ரஸ்டடாக இருந்தால் வழக்கு என்னாவது?

காசிமேடு இளைஞர்: அகராதியில் 'கேட்டமரன்' என்றால் இரட்டை உடல் படகு என்கிறார்கள். எங்க தாத்தா ஓட்டினது அப்படி இல்லையே?

பதில்: தாத்தாவுடையதுதான் மூலம். மரங்களைச் சேர்த்துக் கட்டியதால் கட்டுமரம். ஆங்கிலம் சொல்லை எடுத்துக்கொண்டு, பின்னால் அதை இரட்டை உடல் படகுக்கும் வைத்தது. பெரிய அகராதியில் இரண்டு பொருளும் இருக்கும். நம் சுருட்டு 'செரூட்' ஆனது, மிளகுத்தண்ணீர் 'மல்லிகடானி' ஆனது.

மயிலாப்பூர் பெரியவர்: அனகோண்டாவை விட்டுவிட்டீர்களே! ஆனைக்கொன்றான்தானே அது?

பதில்: ஐயா, அது உறுதியாகவில்லை. சிங்களத்தில் 'ஹெனகந்தயா' என்ற பாம்புப் பெயரைக் காட்டுபவர்களும் உண்டு.

மயிலாப்பூர் பெரியவர்: தமிழை இப்படி விட்டுக்கொடுக்கலாமா?

பதில்: விட்டுக்கொடுக்கவில்லை ஐயா. அனகோண்டா என்ற பெயர் வரும் பழைய குறிப்புகள் இலங்கைப் பாம்பைப் பற்றியவை. அங்கே இரண்டு மொழியும் புழங்குகின்றன. ஒலி ஒத்துப்போனால் மட்டும் போதாது. கட்டுமரத்துக்குச் சான்று கேட்டால் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம். அந்தப் பெருமையோடு சந்தேகமானதைக் கலக்க எனக்கு மனமில்லை.

போரூர் வாசகர்: விசா நேர்காணலில் என்ன பேசலாம்?

பதில்: அது என் துறை இல்லை.

பெரம்பூர் மாணவி: அக்கா, ஒரு நாளைக்கு எத்தனை சொல்...

பதில்: மூன்றாவது தடவை! இன்றைய ஆங்கிலத் தாளின் தலையங்கத்தில் தெரியாத ஒரே ஒரு சொல்லை எடு. அது வந்த வாக்கியத்தை முழுசாக நோட்டில் எழுது. அப்புறம் அகராதியைத் திற.