வீட்டிலேயே காருக்கு எஞ்சின் ஆயில், ஃபில்டர் மாற்றலாமா?

வீட்டிலேயே மாற்ற முடியுமா, வேலூர் வெயிலுக்குக் கெட்டியான ஆயில் ஊற்ற வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றலாம், தாராளமாக. கெட்டி ஆயில் தேவையில்லை. ஆயில் கேனில் போட்டிருக்கும் 5டபிள்யூ-30 போன்ற கிரேடில் அந்த 30, ஆயில் 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதற்கான எண். அக்னி நட்சத்திரத்தில் சத்துவாச்சாரியில் 41 டிகிரி அடித்தாலும் ஓடுகிற எஞ்சினுக்குள் சூடு அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அதனால் கார் கையேட்டில் சொன்ன கிரேடையே வாங்குங்கள்.

ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு அணையுங்கள். வெதுவெதுப்பான ஆயில்தான் அழுக்கோடு இறங்கும். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் புகாதீர்கள், காரைத் தாங்கும் ஸ்டாண்டு கட்டாயம். எஞ்சினுக்கு அடியில் ஆயில் வடிக்க இருக்கும் டிரெயின் போல்ட்டைக் கழற்றி, முழுக்க வடிந்ததும் புது வாஷரோடு பூட்டுங்கள்.

ஃபில்டரில்தான் பலர் கோட்டை விடுவார்கள். நானும் விட்டேன். பழைய ஃபில்டரைக் கழற்றியபோது அதன் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. பார்க்காமல் புது ஃபில்டரைப் பூட்டிவிட்டேன். ஸ்டார்ட் செய்ததும் வாசலெல்லாம் ஆயில். கோலம் போட வந்த அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பழைய வளையம் எஞ்சினில் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிடுங்கள். அப்புறம் புது வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவி, அது எஞ்சினைத் தொட்டபின் கையாலேயே முக்கால் சுற்று. அதற்கு மேல் முறுக்க வேண்டாம்.

சின்ன பெட்ரோல் கார்களுக்குப் பெரும்பாலும் 3 முதல் 4 லிட்டர் பிடிக்கும். ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு, அணைத்துச் சற்று நேரம் கழித்து ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கைப் பாருங்கள்.

பழைய ஆயிலைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். தோல் கழிவால் பாலாறு பட்டதே போதும். கேனில் அடைத்து, பழைய ஆயில் எடுத்துக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.